ரேஷனில் அரிசி கிடைக்கிறது, கீரைக்கு எங்கே போவது?

உணவுப் பாதுகாப்பு என்றதும் நம்மில் பலருக்கு அரிசிதான் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் 2011 முதல் குடும்ப அட்டைக்கு விலையில்லா அரிசி கிடைக்கிறது. துவரம்பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஆயினும் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இங்கே 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதற்குக் காரணங்கள் பல. ஆனால் காய்கறி விலை ஏறும்போதெல்லாம் கூலி வீடுகளில் முதலில் குறைவது கீரையும் காயும்தான். நகரத் தோட்டங்கள் நிரப்ப வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். நெல்லை மாநகருக்குள் யாரும் நெல் விளைவிக்க வேண்டாம், அதைத் தாமிரபரணிப் பாசனம் பார்த்துக்கொள்ளும்; தண்டுக்கீரையும் வெண்டையும் சீனியவரையும் நம் குடியிருப்புகளுக்குள் விளையட்டும்.

தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளைகள், அதாவது மாடியில் பயிரிடத் தேவையான பொருள்களின் தொகுப்பு, நல்ல திட்டம்தான். ஆனால் அதற்குச் சொந்த மாடி வேண்டும். கீரை மிகவும் தேவைப்படுகிறவர்கள் நெல்லை டவுனிலும் மேலப்பாளையத்திலும் ஒரே வளாகத்துக்குள் அடுத்தடுத்து அமைந்த வளவு வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொது நிலம்தான் வழி. பொது நிலம் என்றால் பலர் கூடித்தான் ஆக வேண்டும்.

பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு மனைப்பிரிவில், பூங்காவுக்கென விடப்பட்டுச் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்த இடத்தை, குடியிருப்போர் சங்கத்தின் சம்மதத்தோடு சுய உதவிக் குழுப் பெண்கள் திருத்தினார்கள். மாநகராட்சி உரக்கூடத்திலிருந்து மக்கிய உரம் வந்தது. அக்கம்பக்கத்து வீடுகள் முறைவைத்துத் தண்ணீர் விட்டன. விடியும் முன்னரே சிறுகீரையை ஈரமண்ணோடு பிடுங்கி, வேரை அலசி, வாழைநாரால் கட்டி வைப்பார்கள். ஏழு மணிக்குள் தீர்ந்துவிடும். பிறகு சங்கத்துக்குப் புதிய பொறுப்பாளர்கள் வந்தார்கள், வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்றார்கள், வேலி பிரிக்கப்பட்டது. இடம் தரப்பட்டதற்குச் சான்றாகக் காட்ட அந்தப் பெண்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. விதையோ உழைப்போ குறைந்து அந்தத் தோட்டம் அழியவில்லை என்பதுதான் என்னை இன்றும் வருத்துகிறது.

அர்ஜென்டினாவில் 2001இல் பொருளாதாரம் சரிந்தபோது, ரொசாரியோ மாநகராட்சி மறு ஆண்டே நகர வேளாண்மைத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, சும்மா கிடந்த நகர நிலங்களை ஏழைக் குடும்பங்கள் பயிர்செய்ய விட்டது. விதையும் பயிற்சியும் புரோ ஹுவெர்த்தா என்ற தேசியத் திட்டத்திலிருந்து வந்தன, விளைந்ததை விற்க நகருக்குள்ளேயே சந்தைகளும் அமைந்தன. யார் எதைத் தர வேண்டும் என்பது அங்கே தெளிவாக இருந்தது.

இங்கும் அப்படி ஒப்பந்தம் எழுத முடியும். இடத்தைக் குறைந்தது ஐந்தாண்டுக்கு மாநகராட்சி எழுத்தில் கொடுக்கட்டும். சித்திரை, வைகாசி வெயிலில் தண்ணீர் யார் பொறுப்பு என்பதும் அதில் இருக்க வேண்டும், ஏனெனில் பெரும்பாலான பாத்திகள் அந்த இரண்டு மாதத்தில்தான் கருகுகின்றன. பாளையங்கால்வாய் பக்கத்தில்தானே ஓடுகிறது என்று சிலர் சொல்லக்கூடும்; நகருக்குள் சாக்கடை கலந்த அந்தத் தண்ணீரைப் பச்சையாகக் கிள்ளும் கீரைக்குப் பாய்ச்சவே கூடாது. மண்ணைப் பரிசோதிக்கவும் பூச்சி, நோய்க்கு ஆலோசனை சொல்லவும் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் சாலைகள் அறுந்து, வெளியிலிருந்து காய் வராமல் நாம் தவித்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படி ஒரு வெள்ளத்தில் தாழ்வான தோட்டங்களும் மூழ்கத்தான் செய்யும். ஆனால் தண்ணீர் வடிந்து, மண் பொலபொலத்ததும் விதைத்தால் முளைக்கீரை நான்கு வாரத்தில் கைக்கு வந்துவிடும். கத்தரிக்கும் வாழைக்கும் அந்த வேகம் கிடையாது.

விளைச்சலில் ஒரு பங்கு அந்த வார்டின் அங்கன்வாடிக்குப் போக வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கக் கேட்கிறேன். ஆடிப் பட்டத்துக்குள் வார்டுக்கு ஓர் இடமாவது அடையாளம் காணப்பட வேண்டும். உங்கள் பகுதியில் அப்படி வேலியின்றிக் கிடக்கும் பூங்கா இடம் இருந்தால் இங்கே எழுதுங்கள். பட்டியலாக்கி, உங்கள் கவுன்சிலரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.