ஷெர்பாக்களுக்கு ஆக்சிஜன் வேண்டாமா?

"ஷெர்பா என்றால் மலையில் சுமை தூக்குபவர். அவர்கள் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அதிகம், எவரெஸ்ட்டிலும் சிலிண்டர் தேவையில்லை." வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

ஷெர்பா என்பது நேபாள மலைப்பகுதியில் வாழும் ஒரு மக்களின் பெயர். திபெத்திய மொழியில் 'கிழக்கத்தியர்' என்று பொருள். நேபாளத்தின் லுக்லா ஊரிலிருந்து 5,364 மீட்டரில் உள்ள எவரெஸ்ட் அடிவார முகாம் வரை, நெற்றிப்பட்டையில் மூட்டையைத் தாங்கி நடப்பவர்களில் பலர் ராய், தமாங் மக்கள். உயரம் குறைந்த பகுதிகளின் ஊர்க்காரர்கள். நமக்கு வரும் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் அவர்களுக்கும் அப்படியே வரும். "அவருக்கு என்ன, பழக்கம்தானே" என்று கவனிக்காமல் விட்டு உயிர்கள் போயிருக்கின்றன. இந்தச் செய்தி என்னைக் கோபப்படுத்துவது அதனால்தான்.

சரி, ரத்தம்? அங்கே விஷயமே தலைகீழ். சமவெளிக்காரர்கள் உயரத்துக்குப் போனால் ஹீமோகுளோபின் ஏறி ரத்தம் கெட்டியாகும். ஷெர்பாக்களுக்கு அந்த அளவுக்கு ஏறுவதில்லை. கிடைக்கும் கொஞ்ச ஆக்சிஜனை அவர்கள் தசைகள் சிக்கனமாகப் பயன்படுத்துகின்றன. பல தலைமுறை மலைவாழ்வு தந்த வரம் அது.

ஆனாலும் எவரெஸ்ட்டின் 8,849 மீட்டர் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அங்கே வாடிக்கையாளரின் முகமூடியில் படிந்த பனியைத் தட்டிவிட்டு சிலிண்டரின் ரெகுலேட்டரைத் திருகிவிடும் ஷெர்பா வழிகாட்டியும் பெரும்பாலும் முகமூடியோடுதான் ஏறுகிறார். அங் ரிடா ஷெர்பா சிலிண்டர் இல்லாமல் 10 முறை எவரெஸ்ட் ஏறியவர். எல்லா ஷெர்பாவுக்கும் அது சாதாரணம் என்றால், அவரை மட்டும் 'பனிச்சிறுத்தை' என்று ஏன் கொண்டாடினார்கள்?