“அனுப்புற பட்டன் எங்க இருக்கு, தம்பி?”

போன மாதம் ஒரு மதிய வேளையில் போன் வந்தது. பேசியவர் தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் பிரவுசிங் சென்டர் நடத்தும் அண்ணன். ஓர் அறக்கட்டளைக்கு நான் செய்து கொடுத்த கல்வி உதவித்தொகை விண்ணப்பப் பக்கத்தின் அடியில், உதவிக்கு என்று என் நம்பரைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

“தம்பி, எல்லாக் கட்டத்தையும் நிரப்பியாச்சு. அனுப்புற பட்டன் எங்க இருக்கு?”

“கடைசியில பச்சையா ஒண்ணு இருக்கும் பாருங்கண்ணே.”

“பச்சையும் இல்ல, மஞ்சளும் இல்ல. வெள்ளையாத்தான் இருக்கு. பிள்ளைங்க நாலு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க.”

மவுஸை அந்த வெள்ளையில் மெதுவாக நகர்த்தச் சொன்னேன். ஓரிடத்தில் அம்பு விரலாக மாறியது. அழுத்தினார், விண்ணப்பம் போய்விட்டது. அப்புறம் பிரவுசர் பதிப்பைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். குரோம் 109. விண்டோஸ் 7. “மேல அப்டேட் வராதுன்னு ஒரு பட்டை நிக்குது தம்பி, அது ரொம்ப நாளா நிக்குது” என்றார்.

விண்டோஸ் 7-க்கு வந்த கடைசி குரோம் அதுதான், 2023 ஜனவரியில் வந்தது. நான் பச்சையை எழுதியிருந்தது ஓகேஎல்சிஎச் என்ற புது நிற முறையில். அது குரோமுக்கு வந்தது 111-இல். இரண்டே இரண்டு பதிப்பு வித்தியாசம்.

இதில் எனக்கு வெட்கம் ஏன் என்றால், பழைய பிரவுசருக்கு மாற்று வைக்கவே இல்லை என்றுகூடச் சொல்ல முடியாது. வைத்திருந்தேன். முதல் வரியில் ஹெக்ஸ் என்ற பழைய எண் முறையில் எழுதிய பச்சை, அடுத்த வரியில் புதுப் பச்சை. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் பெரிய குணமே, புரியாத வரியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு முந்தைய வரியோடு ஒத்துப்போவதுதான். அதை நம்பித்தான் எழுதினேன். ஆனால் புதுப் பச்சையை நேராக எழுதாமல் ஒரு வேரியபிளில், அதாவது பெயர் வைத்த ஒரு பெட்டியில் போட்டு, அதை இரண்டாவது வரியில் கூப்பிட்டிருந்தேன். வேரியபிளுக்குள் என்ன இருக்கிறது என்று பிரவுசர் வரியைப் படிக்கும்போது பார்ப்பதில்லை. மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே ஏற்றிவிட்டு, பழைய சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பிறகு பிரித்துப் பார்த்தால் புரியாத பொருள். அதற்குள் ஹெக்ஸ் பச்சை போய்விட்டது. பின்னணி நிறமே இல்லாமல் ஆகிறது. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து!

சரி செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வேரியபிளில் ஹெக்ஸையே வைத்தேன். ஓகேஎல்சிஎச் தெரியுமா என்று பிரவுசரிடமே கேட்கும் சப்போர்ட்ஸ் விதியால் கேட்டு, தெரியும் என்றால் மட்டும் அந்த வேரியபிளை மாற்றி எழுதினேன். அவ்வளவுதான்.

2022 ஜூன் 15-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கு மைக்ரோசாஃப்ட் மூடுவிழா நடத்தியபோது நம் ஆட்கள் போட்ட மீம்கள் நினைவிருக்கிறதா? இனி தொல்லை விட்டது என்றோம். தொல்லை எங்கும் போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கு எந்தக் கம்பெனி பிரவுசர் என்று கேட்டோம். இன்றைக்கு எந்த வருடத்துப் பிரவுசர் என்று கேட்க வேண்டும். அதை யாரும் கேட்பதில்லை. எழுதியதை வெளியிடத் தயாராக்கும் பில்ட் அமைப்பில், எந்தப் பிரவுசர்வரை கவனிக்க வேண்டும் என்ற இடத்தில் “கடைசி 2 பதிப்புகள்” என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுகிறோம். குரோம் சில வாரத்துக்கு ஒன்று என்று வெளியிடும் வேகத்தில், அது முழுசாக இரண்டு மாதம்கூட இல்லை.

பேஸ்லைன் என்று ஒரு முத்திரை இருக்கிறதே என்பீர்கள். நல்ல முயற்சி, நானும் தினமும் பார்க்கிறேன். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி நான்கிலும் வந்து 30 மாதம் ஆன வசதிக்கு “பரவலாகக் கிடைக்கிறது” என்று முத்திரை குத்துகிறார்கள். ஓகேஎல்சிஎச் 2023 மே மாதத்தில் நான்கிலும் வந்தாயிற்று. 30 மாதக் கணக்கு 2025 நவம்பரிலேயே முடிந்தது. முத்திரை கிடைத்துவிட்டது, அண்ணன் கடையில் பட்டன் கிடைக்கவில்லை. அந்த முத்திரை பிரவுசருக்குக் கொடுப்பது. அந்தப் பிரவுசரை ஏற்ற முடியாத கம்ப்யூட்டரைப் பற்றி அதற்குத் தெரியாது.

ஐபோனிலும் இதே கதைதான். ஐபோன் 6, ஐஓஎஸ் 12-க்கு மேல் ஏறாது. சஃபாரி வேண்டாம், குரோம் போட்டுக்கொள் என்று சொல்லியும் பயனில்லை, நம்மூர் ஐபோனில் குரோமுக்கு உள்ளேயும் ஓடுவது சஃபாரியின் எஞ்சினான ஆப்பிளின் வெப்கிட்தான். அந்த போனில், பெட்டிகளை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ்பாக்ஸுக்குக் கொடுத்த கேப், அதாவது நடு இடைவெளி, வேலை செய்யாது, சஃபாரிக்கு அது வந்ததே 14.1-இல், 2021-இல். சப்போர்ட்ஸ் விதியால் கேட்டுப் பார்க்கலாம் என்றால் அது பொய் சொல்லும்! கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிட்டுக்கு கேப் தெரியும் என்பதால் “தெரியும்” என்றே பதில் வரும். இப்படிப்பட்ட இடத்தில் நான் பேசாமல், பெட்டிக்கு வெளியே இடம் விடும் பழைய மார்ஜினுக்குப் போய்விடுகிறேன், கௌரவம் பார்ப்பதில்லை.

விதிக்குள் விதி எழுதும் நெஸ்டிங் இன்னொரு கண்ணி. பழைய பிரவுசர் உள்ளே இருக்கும் விதியை மட்டும் விட்டால் பரவாயில்லை. செமிகோலன் வரும்வரை தள்ளிக்கொண்டே போவதால், அதற்கு அடுத்து எழுதிய பேடிங் (உள் இடைவெளி) வரியையும் சேர்த்து விழுங்கிவிடும். எழுதும்போது நெஸ்டிங்காக எழுதிக்கொள்ளுங்கள், பில்டில் பிரித்துப் போட்டுவிடுங்கள். இதற்கு மேல் இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

என் சண்டையெல்லாம் “எல்லா இடத்திலும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்க வேண்டும்” என்ற பிடிவாதத்தோடுதான். அந்தப் பிடிவாதத்தால்தான் நேரமெல்லாம் நிழலுக்கும் வளைவுக்கும் போகிறது, பட்டன் தெரிகிறதா என்று பார்க்க ஆள் இல்லை. வளைவு இல்லாத கட்டத்திலும் பெயர் எழுதலாம். பட்டன் இல்லாத படிவத்தை என்ன செய்வது?

திருத்திய பிறகு பக்கத்தை ஒப்படைக்கப் போனேன். அறக்கட்டளைச் செயலாளர் தன் புது போனையும் ஆபீஸில் கிடந்த பழைய கம்ப்யூட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “ரெண்டு பச்சையும் வேற வேறயா இருக்கே சார்?” என்றார்.

“ஆமா சார். அப்படித்தான் இருக்கும்” என்றேன்.