முதல் வரைவு காகிதத்தில் வரட்டும்

தமிழில் கதை, கட்டுரை எழுதுகிறவர்கள் முதல் வரைவைக் கையால் எழுதுவதே நல்லது என்று உறுதியாக நம்புகிறேன். பழமை மேல் உள்ள பாசத்தால் சொல்லவில்லை. சிக்கல் நம் கைபேசியின் விசைப்பலகையில் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டினால் சொல்லுக்குச் சொல் பரிந்துரைகள் வந்து நிற்கும். மனமா மணமா, அரையா அறையா என்று பொறுக்கி முடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் நழுவிவிடும். தமிழ் எழுத்துகளையே நேராகத் தட்டும் தமிழ்99 விசைப்பலகை பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், அவ்வளவுதான். ‘க’வை இருமுறை தட்டினால் ‘க்க’ தானாக வரும். விசையைப் பார்க்காமல் அதில் தட்டுகிறவர் தாராளமாகக் கணினியிலேயே எழுதலாம்.

கையா கணினியா என்ற விவாதத்தில் பலரும் காட்டும் 2014ஆம் ஆண்டு முல்லர், ஓப்பன்ஹைமர் ஆய்வு, கையால் குறிப்பெடுத்த மாணவர்களே மடிக்கணினியில் எடுத்தவர்களைவிடப் பாடத்தின் கருத்தை நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்றது. அது வகுப்பில் குறிப்பெடுப்பது பற்றியது, படைப்பு பற்றியதல்ல. 2019இல் வேறு ஆய்வாளர்கள் அதைத் திரும்பச் செய்தபோது அவ்வளவு தெளிவான வேறுபாடும் வரவில்லை. அதை நம்பிப் பேனா எடுக்க வேண்டாம்.

லாங் சைஸ் கோடு போட்ட நோட்டு போதும். இங்க் பேனா என்றால் தாளின் கனம் 70 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 70 கிராம்) குறையக் கூடாது, மை மறுபக்கம் ஊறிவிடும். பால்பாயிண்ட்டை அழுத்தி எழுதினால் சில பக்கங்களிலேயே விரல் வலிக்கும், 0.5 மி.மீ. முனை ஜெல் பேனா வழுக்கிக்கொண்டு ஓடும். வெயில் காலத்தில் உள்ளங்கைக்கு அடியில் ஒரு துண்டுத்தாள் வையுங்கள், வியர்வையில் எழுத்து கலையாது.

வலப்பக்கத்தில் மட்டும், ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுங்கள். இடப்பக்கம் பின்னால் சேர்ப்பவற்றுக்கு. வேண்டாத வரியை ஒற்றைக் கோட்டால் அடியுங்கள், படிக்க முடியாதபடி கிறுக்காதீர்கள். அடித்த வரி பல நேரம் மூன்றாம் பக்கத்தில் தேவைப்படும். சரியான சொல் வரவில்லையா, இடம் விட்டு வட்டம் போட்டு நகருங்கள்.

பெரும்பாலும் கெடுவது இதற்குப் பிறகுதான். நோட்டு நிறையும், தட்டச்சு ஆகாது. மூன்று நாளுக்குள் நீங்களே தட்டுங்கள். வேகமாக எழுதிய கையெழுத்து ஆறினால் எழுதியவருக்கே புரியாது. படமெடுத்து எழுத்தாக்கும் செயலியிடமோ பிறரிடமோ கொடுக்காதீர்கள். திரும்பத் தட்டும்போதுதான் தொங்கும் வாக்கியங்கள் உதிரும், அதுவே முதல் திருத்தம்.

தகவல், மேற்கோள், பெயர், ஆண்டு எல்லாம் தொடக்கத்திலிருந்தே கணினியில் இருக்கட்டும். தேடி எடுக்க நோட்டால் முடியாது. பக்க எண் போட்டு அன்றன்றைக்கு எழுதியதைப் படமெடுத்துச் சேமித்துவிடுங்கள், மழையில் நனைந்த நோட்டுக்கு வேறு பிரதி கிடையாது.