அந்த 3 சதவீத ஆய்வு நடக்கவே இல்லை

"1953-ல் யேல் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவர்களில் 3 சதவீதம் பேர்தான் இலக்கை எழுதிவைத்திருந்தார்கள், 20 ஆண்டு கழித்து அவர்களின் சொத்து மற்ற 97 சதவீதத்தினரின் மொத்தச் சொத்தை மிஞ்சியது" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. பொய். அப்படி ஓர் ஆய்வு நடந்ததற்கு ஆவணமே இல்லை என்று யேல் நூலகமே தெளிவுபடுத்திவிட்டது.

அதற்காக எழுதுவதே வீண் என்று விட்டுவிட வேண்டாம். 'எடையைக் குறைக்க வேண்டும்' என்று மட்டும் எழுதினால், எப்போது, எங்கே தொடங்குவது என்று தினமும் புதிதாக முடிவெடுக்க வேண்டும்; அங்கேதான் தள்ளிப்போகிறது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் சொல்வது, சூழலையும் செயலையும் முடிச்சுப்போட்டு எழுத வேண்டும் என்பதைத்தான்: 'காலையில் பல் துலக்கியதும் ஷூ மாட்டி 20 நிமிடம் நடப்பேன். மழை பெய்தால் மாடிப்படி ஏறி இறங்குவேன்.' மழைக்கான அந்த இரண்டாவது வரியைத்தான் பலரும் எழுதுவதில்லை.