எத்தீரியம் தனியாள் வேலை அல்ல

எத்தீரியம், பல கணினிகள் சேர்ந்து ஒரே பதிவேட்டை வைத்திருக்கும் பிளாக்செயின் நெட்வொர்க். "எத்தீரியம் மென்பொருளை விட்டாலிக் புட்டெரின் தனியாளாக எழுதினார்" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். பாதிதான் சரி. 2013 கடைசியில் திட்டத்தை விளக்கும் வெள்ளை அறிக்கை எழுதியது அவர்தான், யோசனையும் அவருடையதே. நிரல் வேறு கதை.

எத்தீரியத்தின் மெய்நிகர் இயந்திரம் (நெட்வொர்க்கில் நிரல்களை ஓட்டும் பகுதி) ஒவ்வொரு கட்டளைக்கும் என்ன செய்ய வேண்டும், அதற்கு எவ்வளவு கேஸ் (கணிப்பு வேலையை அளக்கும் அலகு) செலவாகும் என்பதைக் கணிதக் குறியீட்டில் வரையறுத்தது காவின் வுட் 2014-இல் எழுதிய 'யெல்லோ பேப்பர்'. கிளையன்டும், அதாவது நெட்வொர்க்கில் சேர ஒரு கணினியில் ஓட்டும் மென்பொருளும், ஒன்றல்ல. வுட் சி பிளஸ் பிளஸில், ஜெஃப்ரி வில்கே கோ மொழியில், விட்டாலிக் பைத்தானில் என்று தனித்தனியாக ஆரம்பித்தார்கள். ஒரே பிளாக்கை (பரிவர்த்தனைகளின் தொகுப்பை) கொடுத்தால் மூன்றும் அச்சுப்பிசகாமல் ஒரே விடைக்கு வர வேண்டும். ஒன்றில் கணக்கு மாறினாலும் பிளாக்குகள் கோத்த செயின் இரண்டாகப் பிரிந்துவிடும். தலைவலி பிடித்த வேலை அதுதான், அதை ஒருவர் கணக்கில் எழுதுவது அநியாயம். இன்று பலர் ஓட்டும் கெத், வில்கே தொடங்கிய அதே கோ கிளையன்ட்தான்.

அப்புறம், சார்லஸ் ஹாஸ்கின்சன் "நெட்வொர்க் தொடங்கும்வரை கூடவே இருந்தார்" என்று அவர் சொல்வதும் தவறு. ஹாஸ்கின்சன் எத்தீரியத்தின் இணை நிறுவனர்தான், ஆனால் 2014 நடுவிலேயே விலகிவிட்டார். நெட்வொர்க் தொடங்கியது 2015 ஜூலை 30.