பி.டி. பீரியடைக் கடன் கேட்கும் கணக்கு சாருக்கு

பிள்ளைக்குக் கண்ணாடி என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததும் வீட்டில் முதலில் மாட்டுவது செல்போன்தான். அது ஒன்றும் நிரபராதி இல்லை, சரி. ஆனால் போர்ஷன் முடியவில்லை என்று பிடுங்கப்படும் பி.டி. பீரியடைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

கிட்டப்பார்வையில் பெரும்பாலும் நடப்பது, கண்விழி முன்பின்னாக நீண்டுபோவது. தூரத்துக் காட்சி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும், கரும்பலகை மங்கும். நல்ல வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற ரசாயனம் சுரந்து அந்த நீட்சியை மட்டுப்படுத்துகிறது என்கிறார்கள். ட்யூப்லைட் போட்ட வகுப்பறையில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் சில நூறு தேறினால் பெரிது. பகலில் வெளியே பத்தாயிரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். வேப்பமர நிழலே வகுப்பறையைவிடப் பல மடங்கு. உச்சி வெயிலில் காய வேண்டியதில்லை.

சீனாவின் குவாங்சோவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் வெளி வகுப்பு கூடுதலாக வைத்துப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் படித்தவர்களில் 39.5 சதவீதம். மருந்து இல்லை, மாத்திரை இல்லை. தைவானோ 2010லிருந்தே தினம் 120 நிமிடம் வெளியே விடச் சொல்கிறது.

ஏற்கெனவே வந்துவிட்டால் விளையாட்டு பவரை இறக்காது, கண்ணாடிதான். தமிழ்நாட்டில் 2009லிருந்து கண்ணொளி காப்போம் திட்டம் இருக்கிறது, அரசுப் பள்ளியில் இலவசமாகவே கண்ணாடி கிடைக்கும். கிடைத்தது புத்தகப் பையின் அடியில் கிடக்கும். ‘போட்டா பவர் ஏறிடும்’ என்பார் பாட்டி. பெண்பிள்ளை என்றால் கல்யாணக் கவலை வேறு, எட்டாம் வகுப்பிலேயே! விழி வளர்வதால் பவர் ஏறுகிறது, கண்ணாடியால் அல்ல. பவரைக் குறைத்துப் போட்டால் கட்டுப்படுமா என்று மலேசியாவில் சோதித்தார்கள். குறைத்துப் போட்டவர்களுக்குத்தான் வேகமாக ஏறியது.

பிள்ளையாக வந்து சொல்லும் என்று காத்திருக்கவும் முடியாது. எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதும். அதற்கும் காப்பி அடிக்கிறான் என்று திட்டு விழும்.

கணக்கு சாரைக் குறை சொல்லிப் பயனில்லை, ரிசல்ட் கேட்டு அவரை விரட்டுவது நாம்தான். ஆனால் சார், கண்ணுக்கு வேண்டியது வெளிச்சம், ஓட்டம்கூட இல்லை. பி.டி. பீரியடை எடுத்தே ஆக வேண்டுமென்றால் பிள்ளைகளை மரத்தடிக்குக் கூட்டிப்போய் வாய்ப்பாடு சொல்லச் சொல்லுங்கள்.