குழந்தையின் ஈர ஜட்டி யாருக்கும் வேடிக்கை அல்ல

குழந்தைக்கு டாய்லெட் பழக்கும் அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று ராத்திரி வரைக்கும் ஆள் மாற்றி ஆள் அதையே எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். கூடவே "நீங்களும் உங்க பையனுக்கு அப்பவே இப்படிப் பண்ணியிருக்கலாமே அக்கா" என்று ஓர் அறிவுரை. அதனால் எழுதுகிறேன். எந்த வீடியோ என்று விளக்கப் போவதில்லை, எல்லோரும் பார்த்தாயிற்று. இணைப்பும் தரமாட்டேன். அந்தக் குழந்தையை இன்னும் நாலு பேர் பார்க்க வேண்டாம்.

மூன்றே நாளில் டயப்பரை விட வைப்பது அந்த வீடியோ போட்ட வீட்டாரின் திட்டம். சரி, இருக்கட்டும். இரண்டாம் நாள் குழந்தை நின்ற இடத்திலேயே ஒன்னுக்குப் போய்விட்டது. அதுவும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் ஈர ஜட்டியோடு அதை நிற்க வைத்து, "யாரு இப்படிப் பண்ணினது? எல்லாருக்கும் சாரி சொல்லு" என்று கேமரா முன்னால் சொல்ல வைத்தது எதற்காக? கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள், "சோ க்யூட்"கள். அந்தக் குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டு தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றது ஒருவர் கண்ணிலுமா படவில்லை?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். டாய்லெட் பழக்கத்துக்கு நாள் குறிக்க வேண்டியது குழந்தையின் உடம்பு. நம் லீவு அல்ல, பக்கத்து வீட்டுக் குழந்தையின் வயது அல்ல, பள்ளிச் சேர்க்கைத் தேதி அல்ல. திட்டம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த உடம்பைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்.

பார்ப்பது என்றால், முதலில் டயப்பரைத் தொட்டுப் பார்ப்பது. தொடர்ந்து இரண்டு மணி நேரமாவது காய்ந்திருக்கிறதா? மதியம் தூங்கி எழும்போது ஈரமில்லாமல் இருக்கிறதா? இரண்டு வயதுக் குழந்தையின் சிறுநீர்ப்பை சுமார் 120 மில்லிதான் தாங்கும். அதைப் பிடித்து வைத்து, பிறகு வேண்டும்போது விடுவதற்கு நரம்பும் மூளையும் பேசிக்கொள்ள வேண்டும். அந்தப் பேச்சு தொடங்கியிருந்தால் மட்டுமே நம் பேச்சு அங்கே எடுபடும். அடுத்தது ஒளிந்துகொள்வது. கக்கா வரும் நேரம் சோபாவுக்குப் பின்னால், கதவுக்குப் பின்னால், திரைச்சீலைக்குள் போய் நின்றுகொள்ளும் குழந்தையைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதைக் குறும்பு என்று நினைக்கிறார்கள். ஆனால் 'ஏதோ வரப் போகிறது' என்பது வருவதற்கு முன்பே அதற்குத் தெரிந்துவிட்டது. அதைவிட நல்ல அறிகுறி கிடையாது. அப்புறம், ஜட்டியைத் தானே இறக்க முடிகிறதா, சின்னச் சின்னதாகச் சொன்னால் புரிந்துகொண்டு செய்கிறதா, 'உச்சா' என்று வாயாலோ கையைக் காட்டியோ சொல்கிறதா.

இதெல்லாம் வராமல் தொடங்கினால் என்ன ஆகும்? நாள்தான் இழுக்கும். ஃபிலடெல்ஃபியாவில் குழந்தை மருத்துவர்கள் நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2003ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொன்னது. சீக்கிரம் தொடங்கிய குழந்தைகள் பழகி முடிக்க அதிக காலம் எடுத்துக்கொண்டார்கள். 27 மாதத்துக்கு முன்பே தீவிரமாகப் பழக்குவதால் பெரிய பலன் இல்லை. அமெரிக்காவிலேயே 2002ல் வெளியான இன்னோர் ஆய்வில், பகலில் ஈரமாக்காமல் இருக்கப் பழகிய 'நடு வயது' (median), பெண் குழந்தைகளுக்கு 32.5 மாதம், ஆண் குழந்தைகளுக்கு 35 மாதம். நடு வயது என்றால் பாதிக் குழந்தைகள் அதற்கும் பிறகுதான் அங்கே வந்து சேர்ந்தார்கள் என்று அர்த்தம். இரண்டரை வயதில் டயப்பர் போட்டிருக்கும் குழந்தையின் அம்மாவை மேலும் கீழும் பார்ப்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை படிக்கட்டும்.

"அந்த மூணு நாள் முறை விஞ்ஞானம்தான், ஆராய்ச்சி இருக்கு" என்று ஒருவர் உள்பெட்டியில் வந்து வகுப்பெடுத்தார். இருக்கிறது, இல்லை என்று யார் சொன்னது? 1973ல் ஃபாக்ஸ், அஸ்ரின் என்ற இரண்டு உளவியலாளர்கள் 34 குழந்தைகளுக்குச் சராசரியாக நான்கே மணி நேரத்தில் பழக்கிக் காட்டினார்கள். வேகமான முறைகள் பலவற்றுக்கும் அதுதான் முன்னோடி. ஆனால் அவர்கள் குழந்தையைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் தொடங்கினார்கள். சிறுநீரைக் கொஞ்ச நேரம் அடக்க முடிகிறதா, தானே நடந்து போய் உட்கார முடிகிறதா, சொன்னதைச் செய்கிறதா என்றெல்லாம் பார்த்தார்கள். ஒரே நாளில் முடித்தவர்களே குழந்தையின் உடம்பைக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். உங்கள் வீடியோக்காரர்கள் எதைக் கேட்டார்கள்? அந்த முறையிலும் நனைத்துக்கொண்டால் கண்டிப்பதும், டாய்லெட்டுக்குத் திரும்பத் திரும்ப நடக்க வைப்பதும் உண்டு. அது எனக்கு ஒப்பவில்லை, ஒப்பவும் ஒப்பாது. 1962ல் பிரேசல்டன் என்ற குழந்தை மருத்துவர் தன்னிடம் வந்த 1,170 குழந்தைகளின் பதிவுகளை வைத்து, குழந்தை தயாரானபோது அதன் போக்கிலேயே பழக்குங்கள் என்று எழுதினார். அந்தக் குழந்தைகள் பகல் பழக்கத்தை முடித்த சராசரி வயது 28.5 மாதம். யாரும் கேமரா முன் சாரி சொல்லவில்லை.

இனி "எங்க காலத்துல ஒரு வயசுலயே பழகியாச்சு" என்பவர்களுக்கு. நம்புகிறேன், பொய் என்று சொல்லமாட்டேன். கிழக்கு ஆப்பிரிக்காவில் டிகோ என்ற மக்களிடம் ஐந்தாறு மாதக் குழந்தையே பழகிவிடுகிறது என்று 1977ல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. அங்கே அம்மா நாள் முழுக்கக் குழந்தையை உடம்போடு வைத்திருக்கிறாள். அது நெளிவது, முகம் மாறுவது எல்லாம் அவளுக்குத் தெரியும், உடனே தூக்கிப் பிடிக்கிறாள். அதுவும் குழந்தையின் உடம்பைப் பார்த்துச் செய்வதுதானே! நான் சொல்வதற்கு அது எதிர்வாதமே இல்லை. டயப்பர் நிறுவனங்கள் நம்மைச் சோம்பேறிகளாக்கிவிட்டன என்ற புகாரில் உண்மை இருக்கலாம். ஈரத்தை முழுக்க உறிஞ்சிவிடுவதால் நனைந்ததே குழந்தைக்குத் தெரிவதில்லை. சரி, ஒத்துக்கொள்கிறேன். அதற்கும் கேமராவுக்கும் என்ன சம்பந்தம்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டீர்கள். சொல்கிறேன், இதுவரை இங்கே எழுதாத விஷயம்.

என் பையன் சோபாவுக்குப் பின்னால் போய் ஒளியத் தொடங்கியிருந்த சமயம். அவன் நேரம் வந்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சின்ன டாய்லெட் சீட்டு வாங்கி வைத்தோம். துணியோடு உட்கார்ந்து விளையாடினான், தன் கரடிப் பொம்மையை உட்கார வைத்தான், நாங்கள் அவசரப்படுத்தவில்லை. அப்போது அவன் பகலில் இருந்த காப்பகத்தில் ஒருநாள் ஜட்டியில் கக்கா போய்விட்டான். அங்கே இருந்தவர் மற்றப் பிள்ளைகள் எதிரில் "சீ, நாத்தம், யாரும் இவன்கிட்டப் போகாதீங்க" என்று சொல்லி, மூலையில் நிற்க வைத்திருக்கிறார். எனக்கு இது பிறகுதான் தெரிய வந்தது, அதுவும் இன்னொரு குழந்தையின் அம்மா சொல்லி.

அன்றிலிருந்து அவன் கக்கா போவதையே நிறுத்திவிட்டான். வரும்போதெல்லாம் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்று, தொடை இரண்டையும் ஒட்டி விறைத்துக்கொள்வான். முகம் சிவந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு முக்குவது போலத் தெரியும். உண்மையில் அடக்குகிறான். கொஞ்ச நேரத்தில் உந்துதல் போய்விடும், விளையாடப் போய்விடுவான். இப்படி அடக்கி அடக்கி, உள்ளே இருப்பது இறுகி, வெளியே வரும்போது கிழித்துக்கொண்டு வந்தது. வலித்தால் மறுபடி அடக்குவான். அடக்கினால் மறுபடி இறுகும். கடைசியில் ஜட்டியில் தண்ணியாகக் கசிய ஆரம்பித்தது. வயிற்றுப்போக்கு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். டாக்டர்தான் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். உள்ளே கட்டி அடைத்துக்கொண்டு நிற்கிறது, அதன் ஓரமாகக் கசிவதுதான் இது. மலக்குடல் விரிந்து போனால் உந்துதலே சரியாகத் தெரியாது. அது முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையையும் அழுத்துவதால் ஒன்னுக்கும் அடிக்கடி கசியும். குழந்தை வேண்டுமென்று செய்வது ஒன்றுமே இல்லை.

மலத்தை இளக்கும் மருந்து மாதக்கணக்கில் போனது. சாப்பிட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் உட்கார வைக்கச் சொன்னார், அந்த நேரத்தில்தான் குடல் தானாக அசையும். காலைத் தொங்கவிடாமல் கீழே ஒரு சின்ன முக்காலி போடச் சொன்னார். பாதம் எதிலாவது ஊன்றி, முட்டி இடுப்பைவிடச் சற்று மேலே இருந்தால்தான் முக்குவதற்குப் பிடிமானம் கிடைக்கும், குடல் வழியும் நேராகும். எல்லாம் செய்தோம். ஆனால் "கக்கா வந்தா நீ திட்டுவியா அம்மா?" என்று அவன் கேட்பது நிற்கத்தான் ரொம்ப நாள் ஆனது. ஒரு வாய் ஒரு நிமிஷம் சொன்ன 'சீ' அது.

அந்த வீடியோக் குழந்தையின் முகத்தில் நான் யாரைப் பார்த்தேன் என்று இப்போது புரியும்.

"செல்லம் கொடுத்துக் கெடுக்கிறீங்க, கண்டிப்பு வேணாமா?" என்று எழுதியவருக்கு: எதற்குக் கண்டிப்பு? சிறுநீர்ப்பை நிறைந்ததற்கா? அடிப்பதும் அவமானப்படுத்துவதும் தடி கொண்டு அடித்துப் பழுக்க வைக்கும் வேலை. கழிப்பறைப் பழக்கம் கற்கும் பருவத்தில் குழந்தைகள் பெரியவர்களின் கோபத்துக்கு ஆளாகி அடிபடுவது அதிகம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே எச்சரித்திருக்கிறது. எரிச்சல் வருவது எனக்கும் தெரியும். அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரத்தில் கட்டில் நனைந்தால் யாருக்கும் வரும். வந்தால் அடுத்த அறைக்குப் போய்ப் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். குழந்தையிடம் சொல்ல ஒரே வாக்கியம் போதும்: "உச்சா வந்துடுச்சா, வா, மாத்திக்கலாம்." அவ்வளவுதான். கதை வேண்டாம், ஏமாற்றம் காட்ட வேண்டாம், அப்பா வந்ததும் சொல்வேன் என்ற மிரட்டல் வேண்டாம்.

"அப்படின்னா எப்படித்தான் திட்டம் போடறது?" என்று நியாயமாகக் கேட்ட தங்கைகளுக்கு. வீடு மாறும்போதும், தம்பி தங்கை பிறக்கும்போதும், காய்ச்சலில் இருந்து எழுந்த வாரத்திலும் தொடங்காதீர்கள். மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். சீட்டை வீட்டில் கண்ணில் படும்படி சில வாரம் சும்மா போட்டு வையுங்கள். ஃப்ளஷ் சத்தத்துக்குப் பயந்தால் குழந்தை வெளியே போன பிறகு அழுத்துங்கள். "வருதா, வருதா" என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள், இந்த வயதில் எல்லாவற்றுக்கும் பதில் 'இல்ல'தான். எழுந்ததும், சாப்பிட்டதும், குளிக்கும் முன், வெளியே கிளம்பும் முன் என்று வழக்கமாக்குங்கள். பெண் குழந்தைக்கு முன்னாலிருந்து பின்னால் துடைக்கக் கற்றுக்கொடுங்கள். தினமும் சண்டையாகவே போகிறதென்றால் சில வாரம் நிறுத்திவிட்டு டயப்பருக்கே திரும்புங்கள். அது தோல்வி இல்லை. எல்லா வீட்டிலும் நடக்கும், யாரும் வீடியோ போடமாட்டார்கள்.

இரவை இதோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். தூக்கத்தில் சிறுநீரைக் குறைவாகச் சுரக்க வைக்கும் ஹார்மோனும், சிறுநீர்ப்பை நிறைந்தால் எழுந்துகொள்ளும் மூளையும் தங்கள் வேகத்தில்தான் வரும். அதில் பரம்பரைக்கும் பங்குண்டு. ஐந்து வயது வரைக்கும் படுக்கையில் போவதை மருத்துவம் ஒரு பிரச்சினையாகவே எண்ணுவதில்லை. பயிற்சியாலோ திட்டுவதாலோ அது சீக்கிரம் வராது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் ரொம்ப நாளாக இருக்கிறது. இந்த விஷயத்தில் அம்மாக்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மார்க் போடுகிறீர்கள்? குழந்தை நனைத்தால் அம்மா சரியில்லை. பழகிவிட்டால் குழந்தை சமர்த்து. என் பையன் மூன்று வயது தாண்டி டயப்பரில் இருந்தான் என்று பொதுவில் எழுதியவர் என் சொந்தக்காரர். உங்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும், குடும்பம் என்பதால் விடுகிறேன். அந்த வீடியோ அம்மாவுக்கும் யாரோ இப்படித்தான் மார்க் போட்டிருப்பார்கள். அதனாலேயே மூன்று நாளில் நிரூபிக்க வேண்டியிருந்திருக்கும். அதற்கான விலையை அந்தக் குழந்தை கொடுத்தது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சேர்க்கைப் படிவத்தில் 'டயப்பர் இல்லாமல் வர வேண்டும்' என்று தேதி போடும் காப்பகங்களும் நர்சரிகளும் இந்த அவசரத்தில் பெரும் பங்காளிகள். பணம் கட்டுவதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள்: குழந்தை நனைத்துக்கொண்டால் யார் மாற்றுவார்கள்? எங்கே வைத்து மாற்றுவார்கள், மற்றப் பிள்ளைகள் எதிரிலா? மாற்றும்போது குழந்தையிடம் என்ன சொல்வார்கள்? மூன்றாவது கேள்விக்கு முகம் சுளித்தாலோ, "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்று மழுப்பினாலோ அங்கே விடாதீர்கள்.